புழுவென்று எள்ளாதீர்!

"புழுத்துச் சாவாய்!"

குழாயடிச் சண்டையிலும் வரப்புத் தகராறிலும் வார்த்தை முற்றி, வாய் தடித்துவிட்டால், கடைசி அம்பாக எடுத்து எய்யப்படும் சாபம் இது. கையால் அடித்தால்கூட மறந்துவிடுவார்கள். இந்தச் சொல்லை மறப்பதில்லை. ஏன்? புண்ணிலே புழு நெளிவது என்றால், நம்மவர் மனத்திலே அது நோய் அல்ல; முன்வினை! போன பிறவிப் பாவம்! சாமி கொடுத்த தண்டனை!

அந்தப் புழுவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். தோழர்களே, முகம் சுளிக்காதீர்கள். ஏட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். இது புழுவைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல. உங்கள் காலைப் பற்றிய பேச்சு.

மயிலாப்பூர் தண்ணீர்த்துறை மார்க்கெட் பக்கம் மூட்டை தூக்கிப் பிழைத்த தோழர் ஒருவர். பெயர் வேண்டாம். கூட்டம் என்றால் பிற்பகலிலேயே வந்துவிடுவார். கொடிக்கம்பம் நடுவார், மேடைக்குப் பலகை அடுக்குவார், நாம் பேசி முடிக்கிற வரையில் ஓரமாக நின்றபடியே கேட்பார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னபோது, நம்மிடம் வந்து சிரித்தார்: "கடையிலே சர்க்கரை வாங்கவே காசில்லே தம்பி, உடம்புக்குள்ளே மட்டும் அது எப்படி வந்து குந்திக்கிச்சு?"

ஒருநாள் செருப்பிலே ஆணி. அடிப்பாதத்திலே ஏறியது. வலிக்கவில்லை! ஆணியோடு நடந்தார், ஆணியோடு மூட்டை தூக்கினார். மூன்றாம் நாள், "அப்பா, தரையெல்லாம் ரத்தம்" என்று மகள் சொன்ன பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் வைத்தார்கள், வேப்பிலை அரைத்துக் கட்டினார்கள். ஒருநாள் கூலி போய்விடுமே என்று மருத்துவமனைக்குப் போகவில்லை. வாரம் மாதமாயிற்று. புண் ஆழமாயிற்று. நாற்றம் எடுத்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

ஒரு கூட்டத்தன்று மேடையோரத்தில் அவர் வந்து நின்றபோது, மூக்கைத் துடைப்பது போல நாமும் கைக்குட்டையை எடுத்து மூடிக்கொண்டோம். பகுத்தறிவு பேசுகிற வாய்தான். ஆனால் மூக்கு, பழைய மூக்கு! அவர் அதைப் பார்த்துவிட்டார். அதற்கடுத்த கூட்டத்திற்கு அவர் வரவில்லை.

சில நாள் கழித்து, கட்டை அவிழ்த்தால் புழு. "சாமி குத்தம்" என்றது தெரு. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பிறகுதான் மருத்துவமனை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலருகே போய் நின்ற நம்மிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "புழு தின்னுதானே தம்பி, என் கால் போச்சு?"

அன்று நமக்கு விடை தெரியவில்லை. தேடினோம், படித்தோம், தெரிந்தவர்களைக் கேட்டோம். அவருக்குச் சொல்லவேண்டிய விடையை, அவரைப் போன்ற ஆயிரமாயிரம் உழைப்பாளிகளுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

விடை இதுதான்: இல்லை! புழு தின்று போகவில்லை அந்தக் கால். புழு வந்தது கடைசியில். கால், அதற்கு வெகு முன்பே போய்க்கொண்டிருந்தது.

எப்படி?

"சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி, பஞ்சு மெத்தையில் புரண்டு, நெய்யும் பாலும் பருகுகிறவனுக்கு வருவது" என்று நம்பிக்கொண்டிருந்தோம் அல்லவா? தியாகராய நகருக்கு வாருங்கள். அங்கே பாரதி நகர் என்ற, குறைந்த வருமானத்தார் குடியிருப்பிலும், திருமங்கலத்தில் நடுத்தர வருமானத்தார் வாழும் ஆசியாட் காலனியிலும் 1996-97-இல் ஆய்வு நடத்தினார்கள் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் மருத்துவர்கள். அன்று திருமங்கலத்தில் நூற்றுக்கு 12.4 பேருக்கு நீரிழிவு. தியாகராய நகர் ஏழைகளிடம் நூற்றுக்கு 6.5 பேருக்கு மட்டுமே. பத்தாண்டு கழித்து, அதே இடங்களில் மறுபடி கணக்கெடுத்தார்கள். நடுத்தர வருமானத்தாரிடம் 15.4. ஏழைகளிடம்? 15.3!

பார்த்தீர்களா? கூலியில் சமத்துவம் வரவில்லை, குடியிருப்பில் சமத்துவம் வரவில்லை, கல்வியில் சமத்துவம் முழுதாய் வரவில்லை. நோயில் மட்டும் பத்தே ஆண்டில் சமத்துவம் வந்துவிட்டது! 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது. வசதி உள்ளவன் உடற்பயிற்சி செய்வான், மாதந்தோறும் ரத்தம் பரிசோதிப்பான், மெத்தென்ற செருப்புப் போடுவான். மூட்டை தூக்குகிறவன்? ஆணியோடு நடப்பான்!

அந்த ஆணி ஏன் வலிக்கவில்லை? நெடுநாள் அடங்காத சர்க்கரை, பாதத்து நரம்புகளைக் கெடுத்து உணர்வை அழித்துவிடுகிறது. ரத்தக் குழாய்களும் சுருங்கிப் போகின்றன. வலி என்பது காவல்காரன். அவன் தூங்கிவிட்டால், வீட்டுக்குள் எவன் வந்தாலும் தெரியாது.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர்களில் முதன்மையானவர் ஒருவர், நம் மண்ணில் பிறந்தவர். 1914-இல் ஆங்கிலப் பாதிரிக் குடும்பத்தில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்த மருத்துவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராய்ந்தார். "தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும், அது கருமம்" என்றுதான் அதுவரை நாட்டின் நம்பிக்கை. பிராண்ட் பார்த்தார்: விரல் தானாக விழவில்லை. உணர்வில்லாத விரலைத் தீ சுட்டது, கல் கிழித்தது, கயிறு அறுத்தது, நோயாளிக்குத் தெரியவில்லை. இரவிலே படுக்கும்போது இருந்த விரல் காலையிலே காணோம் என்று சிலர் வந்து நின்றார்கள். விழித்திருந்து காவல் பார்த்தார்கள். வந்தது யார்? எமனா? ஏவலா, பில்லி, சூனியமா? எலி! தூங்குகிறவன் விரலை எலி கடித்துக்கொண்டு போயிற்று. அவனுக்கு வலிக்காததால் விழிக்கவில்லை. மருத்துவர் என்ன செய்தார்? பரிகாரம் சொல்லவில்லை, படுக்கையருகே வைத்துக்கொள்ளப் பூனை கொடுத்தார்!

பிராண்டும் அவர் துணைவர்களும் உணர்வற்ற பாதங்களுக்கென்று மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு வழி கண்டார்கள். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று நம் மருந்துக்கடைகளிலே விற்கிறதே, அதன் வரலாறு வேலூரிலே இருக்கிறது. 1966-இல் அவர் அமெரிக்கா போனார். வேலூர்த் தொழுநோயாளியிடம் கற்ற பாடம், அங்கே நீரிழிவு நோயாளியின் காலைக் காக்கப் பயன்பட்டது.

ஆக, முதல் குற்றவாளி சர்க்கரை. இரண்டாம் குற்றவாளி உணர்வின்மை. மூன்றாவது தாமதம். புழு, நான்காவதாக வந்து சேர்ந்த விருந்தாளி.

அந்த விருந்தாளியிலும் இருவகை உண்டு, தோழர்களே. இங்கேதான் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

மாட்டின் கொம்படியிலும் குளம்படியிலும் புண் வந்து, புழு வைத்துத் துளைத்துக்கொண்டு போவதைக் கிராமத்துத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். கிரைசோமியா பெசியானா என்று பெயர் சொல்கிறார்கள், அந்த வகைப் புழுவின் ஈயை. நம் நாட்டில் பரவலாக இருப்பது அது. உயிருள்ள உடம்பின் புண்ணிலே முட்டையிடும்; அதன் புழு உயிருள்ள சதையையே தின்று திருகிக்கொண்டு உள்ளே போகும். அது பகை. அதை விரட்டத்தான் வேண்டும். நம் மருத்துவமனைகளில் டர்பன்டைன் விட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்களே, அது சரியான வேலை. வீட்டிலே மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான் தவறு.

இன்னொரு ஈ இருக்கிறது. பளபளவென்று பச்சை மின்னும் ஈ, லூசிலியா செரிகேட்டா. மருத்துவர்கள் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் அதன் புழு, செத்த சதையைத்தான் தின்னும். உயிருள்ள சதையை விட்டுவிடும். இதை மருத்துவர்கள் கண்டது பள்ளிக்கூடத்திலே அல்ல, போர்க்களத்திலே.

நெப்போலியன் படையோடு எகிப்துக்கும் சிரியாவுக்கும் போன லாரே என்ற அறுவை மருத்துவர், புழு வைத்த புண்கள் விரைந்து ஆறுவதைக் கண்டு எழுதி வைத்தார். முதல் உலகப் போரிலே, 1917-இல், வில்லியம் பேயர் என்ற அமெரிக்க மருத்துவர் முன்னால் இரண்டு சிப்பாய்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தொடை எலும்பு முறிந்து, வயிறு கிழிந்து, ஏழு நாள் கவனிப்பாரற்றுக் களத்திலே கிடந்தவர்கள். காய்ச்சல் இல்லை! துணியை விலக்கினால் புண் முழுக்கப் புழு. கழுவிப் பார்த்தால், கீழே சீழ் இல்லை. இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்திருந்தது!

போர் முடிந்து பத்தாண்டுக்குப் பிறகு, பால்டிமோரிலே எலும்பு அழுகிய குழந்தைகளுக்குப் புழு வைத்துச் சிகிச்சை செய்தார் அந்த மருத்துவர். நன்மை கண்டார். ஆனால் சில நோயாளிகளுக்கு வில்வாதம் என்னும் டெட்டனஸ் வந்தது. என்ன செய்தார்? புழுவைக் கைவிட்டாரா? இல்லை, பிழையைத் தேடினார். புழுவோடு ஒட்டிவந்த கிருமிதான் காரணம் என்று கண்டு, முட்டையையே கிருமி நீக்கிப் பொரிக்கும் முறையை வகுத்தார். அறிவு இயங்கும் விதம் அது! தவறு நேர்ந்தால் மறைப்பதில்லை, விதியின்மேல் பழி போடுவதில்லை, திருத்திக்கொள்கிறது. 1930-களிலே அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இந்தச் சிகிச்சையைச் செய்தன.

பிறகு பெனிசிலின் வந்தது, புழு மறக்கப்பட்டது. ஆண்டுகள் உருண்டன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. 1990-ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் ரொனால்டு ஷெர்மன் என்ற மருத்துவர் அந்தப் பழைய பாடத்தை மறுபடி எடுத்தார். 1995-இல் பிரிட்டனிலே, வேல்ஸ் நாட்டு பிரிட்ஜெண்டில், மருத்துவப் புழு வளர்க்கும் கூடம் அமைந்தது. 2004-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி வழங்கியது. அதே ஆண்டு பிரிட்டனிலே, டாக்டர் சீட்டு எழுதிப் புழு வாங்கலாம் என்றும் ஆயிற்று.

எப்படிச் செய்கிறார்கள்? கிருமி நீக்கிய முட்டையிலிருந்து பொரித்த, ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள குஞ்சுப் புழுக்களை, ஒரு சதுர சென்டிமீட்டர் புண்ணுக்கு 5 முதல் 10 வரை எண்ணி விடுகிறார்கள். மேலே வலைத்துணி போட்டுக் கட்டுகிறார்கள். அல்லது, தேயிலைப் பை போன்ற சிறு பைக்குள் புழுக்களை அடைத்து, பையையே புண்மேல் வைக்கிறார்கள். புழு ஒரு சாற்றைச் சுரக்கிறது; செத்த சதை கரைந்து கூழாகிறது; அந்தக் கூழை உறிஞ்சுகிறது. அந்தச் சாறு, சில கிருமிகளைக் கொல்வதையும் ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளிலே புழு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கொழுத்துவிடும். கட்டை அவிழ்த்து, கழுவி எடுத்து, அழித்துவிடுகிறார்கள். "உள்ளேயே தங்கிக் குட்டி போட்டுவிட்டால்?" என்று அஞ்ச வேண்டாம். கூட்டுப்புழுவாகி, ஈயாகிப் பறந்த பிறகுதான் முட்டையிட முடியும். அதற்குள் அவற்றின் கணக்கு முடிக்கப்பட்டுவிடும்.

செத்த சதையை ஏன் எடுக்க வேண்டும்? அது இருக்கும்வரை கிருமிக்கு அது விருந்து. புதுச் சதைக்கு அது தடை. கத்தியாலும் எடுக்கலாம், தேர்ந்த அறுவை மருத்துவர் எடுக்கிறார். ஆனால் கத்தி தொட முடியாத மூலைக்கும் புழு போகும். மயக்க மருந்து தாங்காத முதியவருக்கும் அது உதவும்.

"அப்படியானால் அது அதிசய மருந்தோ?" என்று கேட்டால், இல்லை என்றே சொல்வோம். மேடையில் கைதட்டல் வாங்க உண்மையை ஊதிப் பெரிதாக்குவது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் மருத்துவத்தில் அது கூடாது. 2009-இல் பிரிட்டனில் காற்புண் கொண்ட 267 பேரை வைத்துச் சோதனை செய்து முடிவை வெளியிட்டார்கள். சாதாரணக் களிம்புக் கட்டில் புண் சுத்தமாக 72 நாள் ஆயிற்று என்றால், பையில் அடைத்த புழு 28 நாளிலும், திறந்து விட்ட புழு 14 நாளிலும் அந்த வேலையை முடித்தன. இவை நடுநிலைக் கணக்கு. ஆனால் புண் முழுவதும் மூடி ஆறும் காலத்திலே பெரிய வேறுபாடு இல்லை. புழு வைத்தவர்களுக்கு வலியும் கூடுதலாக இருந்தது. ஆகவே, புழு துப்புரவு செய்யும். அதோடு அதன் பணி முடிந்தது. அதன்பின் சர்க்கரை அடங்க வேண்டும். காலுக்கு ரத்தம் ஓட வேண்டும். புண்மேல் பாரம் விழாமல் காக்க வேண்டும். பெரிய ரத்தக் குழாய்க்கு அருகே உள்ள புண்ணுக்கும், காய்ந்த புண்ணுக்கும் இது ஏற்றதல்ல. மருத்துவர் கையில்தான் இது மருந்து. "கட்டுரையிலே படித்தோம்" என்று யாராவது ஈயைப் புண்ணிலே உட்கார விட்டால், அவன் நம் எழுத்தைக் கொலை செய்கிறவன், தன் காலையும்தான்!

இதைச் சொல்லிவிட்டு நாம் கேட்கிறோம்: அட்டை விட்டு ரத்தம் எடுத்த வைத்தியம் நம் நாட்டு வைத்தியம். அட்டைக்கு அஞ்சாத நாடு, ஆய்ந்து தேறிய புழுவுக்கு ஏன் அஞ்ச வேண்டும்? நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் இது அன்றாடச் சிகிச்சையாக இல்லை. தகுதியான நோயாளிக்கு, தகுந்த மேற்பார்வையில், இதையும் ஒரு வழியாக வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவக் கல்லூரிகள் ஆராயட்டும். முடியும் என்றால் செய்யட்டும். முடியாது என்றால் காரணம் சொல்லட்டும். அருவருப்பு மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. நாற்றமெடுக்கும் புண்ணை நாள்தோறும் கழுவிக் கட்டுகிற செவிலியரும் வார்டு ஊழியரும் அருவருப்புப் பட்டிருந்தால், எத்தனை ஏழைகள் பிழைத்திருப்பார்கள்?

புண் வந்தபின் ஆற்றுவதைவிட, வராமல் காப்பது மேல் அல்லவா? தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழையுங்கள். துணி விரித்துக் காட்டும் பெண், பாத்திரம் எடுத்துத் தரும் பையன், எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள்! அடையாற்றில் மாளிகை வாசலில் இரவெல்லாம் நிற்கிற காவலாளியைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் நின்றால் காலிலே நரம்பு சுருண்டு, கணுக்காலருகே தோல் கறுத்து, கீறல் விழுந்தால் ஆறாத புண்ணாகும். 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில், கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். உட்காரும் உரிமை! அதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டதே என்று வெட்கப்படுவதா, வந்ததே என்று மகிழ்வதா? மகிழ்வோம்; மகிழ்ந்ததோடு நில்லாமல், கடைக்குள் போகும்போது அந்த நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்போம். இருக்கிறது என்றால், அதில் அவர்களை உட்கார விடுகிறார்களா என்றும் பார்ப்போம்.

மயிலாப்பூர் மாடவீதியில், பங்குனி வெயிலில், வெறுங்காலோடு தேரின் பின்னே நடக்கும் அன்பர்களே! உங்கள் பக்தியோடு வழக்காட இன்று நாம் வரவில்லை. உங்கள் பாதத்துக்காக வாதாட வந்திருக்கிறோம். சர்க்கரை உள்ள கால் சூடு அறியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கொப்புளத்தைக் கருமம் என்று எண்ணிக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

காலில் புண் வந்து கால் போன அந்தத் தோழரைப் போன வாரம் பார்க்கப் போயிருந்தோம். இம்முறை கைக்குட்டை எடுக்கவில்லை. அன்று எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். மேலே எழுதியதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். எலிக்குப் பூனை கொடுத்த கதையிலே வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

"அப்போ, இது சாமி குத்தம் இல்லே."

"இல்லை."

"எம் பொஞ்சாதி அதை நினைச்சே தினம் அழுதுக்கிட்டிருக்கா தம்பி. இதை அவகிட்ட நீங்களே ஒரு வாட்டி சொல்லிடுங்க."

சொன்னோம். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கைக் கொண்டுவந்தார். கணவரின் மிஞ்சிய காலைத் தூக்கி மடிமேல் வைத்து, விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

தோழர்களே! இன்றிரவு உங்கள் வீட்டிலும் அந்த விளக்கு ஏறட்டும். சர்க்கரை உள்ளவர் எவராயினும், அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையேல் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். சிறு கீறலானாலும் மறுநாளே மருத்துவமனைக்குப் போங்கள். ஒருநாள் கூலி போகும், போகட்டும். கால் போகக் கூடாது.